பாயிண்டைக் கழற்றிய பாவி

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருமூர்த்தி மலைக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை முன்னால் இருபது, இருபத்தைந்து புல்லட் நின்றிருந்தன. கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த பழைய வண்டிப் பிரியர்கள். நான் தளியில் ஒரு ஒறம்பரை வீட்டுக்குப் போய்விட்டு உடுமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். டீ வாசம் இழுத்தது, ஒதுக்கி நிறுத்தினேன்.

நான் ஓட்டிவந்தது அப்பாவின் வண்டி. 1979 மாடல், 350 சிசி. கூட்டம் சேர்ந்துவிட்டது. டேங்கைத் தடவினார்கள். சைலன்சரைக் குனிந்து பார்த்தார்கள். ஒரு தம்பி சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்து, "இதென்னங்ணா பொட்டி?" என்றான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினியப் பெட்டி, அதிலிருந்து நாலு ஒயர். "இக்னிஷனுங்க தம்பி. டிரான்சிஸ்டர் போட்டிருக்கேன்" என்றேன். சைவ வீட்டுக்குள் கருவாட்டு வாசம் வந்த மாதிரி அவன் முகம் சுருங்கியது. பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், அவருக்கு என் வயதுதான் இருக்கும், மெதுவாகச் சொன்னார்: "ஒரிஜினல் வண்டியக் கெடுத்துட்டீங்களே. இது கொலைங்க."

சிரித்துவிட்டு டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் கோபம் வந்தது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

முதலில், கொலை செய்யப்பட்டதாகச் சொல்லப்படுவது என்னவென்று தெரிய வேண்டும். இந்த இதழைப் படிக்கிற பலருக்கும் பிறந்ததிலிருந்தே பட்டன் ஸ்டார்ட் வண்டிதான். பழைய புல்லட்டில் ஒரு வட்ட மூடியைக் கழற்றினால் உள்ளே காண்டாக்ட் பாயிண்ட் இருக்கும். இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள், ஒன்று அசையாது, ஒன்று அசையும். அசைகிறதுக்கு ஒரு ஃபைபர் குதிகால். எஞ்சின் ஓடும்போது சுற்றும் கேம் அந்தக் குதிகாலைத் தட்டும், பொட்டுகள் விலகும், பிறகு ஒட்டும். ஒட்டியிருக்கும்போது பேட்டரியிலிருந்து மூன்று நாலு ஆம்பியர் மின்சாரம் இக்னிஷன் காயிலுக்குள் ஓடிக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. விலகின கணத்தில் ஓட்டம் அறுந்து, காந்தப்புலம் சரிந்து, காயிலின் இன்னொரு சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பி பிளக்கில் பொறியாகத் தெறிக்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஒரு சுவிட்ச்.

ஆனால் எப்பேர்ப்பட்ட சுவிட்ச்! எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் இது 1500 முறை திறந்து மூடுகிறது. உடுமலையிலிருந்து கோயமுத்தூர் எழுபது கிலோமீட்டர், புல்லட்டில் சாவகாசமாகப் போனால் ஒன்றரை மணி நேரம். காந்திபுரம் போய்ச் சேர்வதற்குள் 1,35,000 முறை தட்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் பொட்டுகளுக்கு நடுவே ஒரு குட்டி மின்னல் வெட்டப் பார்க்கும். அதை விழுங்குவதற்காகப் பக்கத்திலேயே கண்டன்சர் என்று ஒரு சின்ன டப்பா. அதையும் மீறிப் பொட்டுகள் கருகும், ஒரு பக்கம் குழி விழும், மறுபக்கம் மேடு தட்டும். குதிகால் தேயும். தேய்ந்தால் இடைவெளி குறையும், இடைவெளி குறைந்தால் பொறி தாமதமாக வரும். வண்டி இழுக்காது, சூடாகும், சைலன்சர் 'டப்' என்று வெடிக்கும். இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும்? ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பதினைந்து பங்கு. பொறி விழ வேண்டிய இடமோ, பிஸ்டன் உச்சியைத் தொட இன்னும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாதபோது.

இந்தக் கணக்கை எங்கள் மெக்கானிக் அண்ணன் சிகரெட் பேப்பரை வைத்துப் போடுவார். பாயிண்டுக்கு நடுவில் பேப்பரைச் செருகி, அதை லேசாக இழுத்துக்கொண்டே எஞ்சினை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். பேப்பர் பிடியை விட்டு வழுக்குகிற இடம்தான் பாயிண்ட் திறக்கிற இடம். நான் பள்ளிக்கூடத்துப் பையனாக அந்தப் பட்டறையில் குந்தவைத்துப் பார்த்திருக்கிறேன். பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து அவர் அந்தப் பேப்பரை இழுக்கும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அழகான வேலை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த அழகைத்தான் நான் கொன்றுவிட்டேன் என்கிறார்கள். சரி, கொஞ்சம் விசாரிப்போம்.

அந்த வேலைக்கு அவருக்கு நாம் என்ன கொடுத்தோம்? கடைசியாக அவர் பாயிண்ட் செட் பண்ணியதற்கு வாங்கினது நூறு ரூபாய். அதே நாளில் என் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக் கொடுத்த பையன் இருநூறு வாங்கினான், நான் வாய் திறக்காமல் கொடுத்தேன். மெக்கானிக் அண்ணனிடம் பேரம் பேசினவர்களை நான் பார்த்திருக்கிறேன். "அஞ்சு நிமிச வேலை, இதுக்குப் போயி நூறா?" அந்த அஞ்சு நிமிஷத்துக்குப் பின்னால் நாற்பது வருஷம் இருந்தது. அவரிடம் யாரும் தொழில் கற்றுக்கொள்ள வரவில்லை, வந்த இரண்டு பேரும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அவர் மகன் குடிமங்கலம் பக்கம் காற்றாலை டெக்னீஷியன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்ததை, ஊரில் இருந்த அத்தனை புல்லட்டும் சேர்ந்து கொடுக்கவில்லை. பிறகு அவர் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷன் முடிந்தும் பொடிப் பார்வை திரும்பவில்லை. "தம்பி, பேப்பர் வழுக்கறது வெரலுக்குத் தெரியுது, பொட்டு கருகியிருக்கறது கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது" என்றார்.

ஒரு கலையை நான் கொன்றேன் என்று சொல்கிறவர், அந்தக் கலைஞனுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்க மனமில்லாத ஊரிலிருந்துதான் பேசுகிறார். நானும் அதே ஊர்தான். அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

இலக்கிய வாசகர்களிடம் இன்னொரு கணக்கும் தீர்க்க வேண்டியிருக்கிறது. நம் கதைகளில் வருகிற மெக்கானிக்குகளைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லாரும் சித்தர்கள். எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே நோயைச் சொல்வார்கள். அதிகம் பேச மாட்டார்கள். பணத்தைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். கடைசிப் பக்கத்தில் பட்டறையை மூடிவிட்டு எங்கேயோ நடந்து போவார்கள், நாம் நெஞ்சு கனக்கப் புத்தகத்தை மூடுவோம். எங்கள் மெக்கானிக் அண்ணன் நிறையப் பேசுவார், முக்கால்வாசி கெட்ட வார்த்தை. கடன் பாக்கியை நோட்டில் எழுதி வைத்திருப்பார். புது விஷயம் எது வந்தாலும் கழற்றிப் பார்க்கத் துடிப்பார். அவரைச் சித்தராக்கினால் கூலி கொடுக்க வேண்டியதில்லை என்கிற வசதியைத் தவிர அந்தக் கதைகளில் வேறென்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்தது 'ஒரிஜினல்'. இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு மரச்செக்கு எண்ணெய்க் கடை ஞாபகம் வரும். போர்டில் மாடு செக்கிழுக்கிற படம், உள்ளே போனால் செக்கை இழுப்பது மோட்டார். எண்ணெய் நல்ல எண்ணெய்தான், அதில் குறையில்லை. மாட்டுப் படம்தான் பொய்.

அப்பா வண்டியில் 6 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றி இருபது வருஷம் ஆகிறது. ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி எரிந்ததால் மாற்றினோம், யாரும் கண்ணீர் விடவில்லை. டயர் மாறியிருக்கிறது, சீட் மூன்று முறை, பிஸ்டன் இரண்டு முறை. டீக்கடையில் என்னைக் கொலைகாரன் என்றவரின் வண்டியிலேயே ஹாலோஜன் பல்பு எரிந்ததைப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் ஒரு ஆர்எக்ஸ் 100-ம் நின்றது, அதையும் நாலு பேர் கும்பிடாத குறையாகச் சுற்றி வந்தார்கள். 1985-ல் வந்த அந்த வண்டியில் கம்பெனியிலேயே சிடிஐ. பாயிண்ட் என்ற சாமானே கிடையாது. ஆத்மா பாயிண்டில்தான் இருக்கிறது என்றால் ஆர்எக்ஸ் 100 என்ன பொணமா?

பாயிண்டும் ஒரு காலத்தில் வந்தேறிதான். டைம்லர் தன் முதல் எஞ்சின்களில் ஒரு குழாயை வெளியே தீபம் வைத்துப் பழுக்கக் காய்ச்சி எரிபொருளைப் பற்றவைத்தார். பிறகு மேக்னெட்டோ வந்தது. 1910 வாக்கில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் பேட்டரி, காயில், பாயிண்ட் என்ற ஏற்பாட்டைக் காடிலாக் கார்களில் பொருத்தினார். மேக்னெட்டோக்காரர்கள் அன்றைக்கு என்ன வைதிருப்பார்கள் என்று கற்பனை செய்துகொள்ளலாம். 1973-ல் கிரைஸ்லர் கம்பெனி தன் கார்களில் பாயிண்டை மொத்தமாக எடுத்தது. காரணம் அழகியல் அல்ல, புகை. பாயிண்ட் தேயத் தேய டைமிங் நகரும், டைமிங் நகர்ந்தால் எரியாத பெட்ரோல் புகையாக வெளியே வரும். அமெரிக்கச் சட்டம் புகையைப் பிடித்துக் கேட்க ஆரம்பித்ததும் பாயிண்டின் காலம் முடிந்தது. நம் ஊர் புல்லட்டில்தான் அது இன்னும் முப்பது வருஷம் நீடித்தது. எலக்ட்ரா என்ற மாடலில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் கார்புரேட்டரும் போயாயிற்று. இன்றைக்கு ஷோரூமில் பழைய புல்லட் மாதிரியே கோடு போட்டு விற்கிற வண்டியின் உள்ளே கம்ப்யூட்டர் இருக்கிறது.

கொங்கு நாட்டில் நின்றுகொண்டு 'ஒரிஜினலைக் கெடுக்காதே' என்று சொல்வதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து 300 ரூபாய் சேர்த்து, அதை விலைக்கு வாங்கின கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். வாங்கினதும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளா வைத்தார்? அக்கு அக்காகக் கழற்றிப் போட்டு, திரும்பப் பூட்டி, அதிலேயே தொழில் கற்றார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அவர் ஒற்றை பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார், அது எங்கள் உடுமலை வழியாகத்தான் போயிருக்கும். 1937-ல் அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்திருந்தது. கிணற்றடியில் கவலை ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் தாத்தாமார்கள் மோட்டார் வந்ததும் கவலைக்காக ஒப்பாரி வைக்கவில்லை. மாட்டுக்கு ஓய்வு கிடைத்தது, தோட்டத்துக்குத் தண்ணீர் கிடைத்தது. பிற்பாடு தண்ணீர் ஆயிரம் அடிக்குக் கீழே போனது வேறு கதை, அதற்கும் இதே சுறுசுறுப்புத்தான் காரணம் என்பதையும் மறைக்க வேண்டாம்.

அருங்காட்சியகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோவை அவினாசி ரோட்டில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது, இரண்டு முறை போயிருக்கிறேன். அங்கே நிற்கிற ஒரு வண்டியில் யாராவது டிரான்சிஸ்டர் மாட்டினால் அவர் கையைப் பிடித்துத் தடுக்கிற முதல் ஆள் நான். அங்கே வண்டி ஒரு சாட்சி, சாட்சியைக் கலைக்கக் கூடாது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதியும் இதைத்தான் சொல்கிறது. 50 வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 'விண்டேஜ்' பதிவு உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அந்த வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு, பேரணிக்கு, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். சட்டத்துக்கு இருக்கிற தெளிவு நம் ஆர்வலர்களுக்கு இல்லை. ஒரிஜினல் வேண்டுமென்றால் ஓட்டாதே, ஓட்ட வேண்டுமென்றால் ஒரிஜினல் பேசாதே. அப்பாவின் வண்டிக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. அது தினமும் தோட்டத்துக்குப் போகிறது. தேங்காய் மூட்டை, பூச்சி மருந்து கேன், சில நாள் ஆட்டுக்குட்டி.

ஏன் மாற்றினேன் என்பதற்கு வருகிறேன். இப்போது கடையில் கிடைக்கிற பாயிண்ட் செட் பழைய தரத்தில் இல்லை. ரிவெட் ஆடுகிறது, குதிகால் மாவு மாதிரி தேய்கிறது. கண்டன்சர் அதைவிட மோசம். ஒரே வருஷத்தில் மூன்று போயிற்று. செட் பண்ணத் தெரிந்தவருக்குக் கண் தெரியவில்லை, கண் தெரிகிறவர்களுக்கு செட் பண்ணத் தெரியவில்லை. அரைகுறையாக ஒருவர் டைமிங்கை முன்னால் தள்ளி வைத்துவிட்டதில் கிக்கர் திருப்பி அடித்தது. அப்பாவுக்கு அன்றைக்கு அறுபத்தொன்பது வயது. முழங்கால் பலூன் மாதிரி வீங்கி ஆறு வாரம் கட்டிலில் கிடந்தார். வண்டி மாட்டுச் சாளையில் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றது. நாற்பது வருஷமாக ஒரு மனிதரை எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போன வண்டி அது. அவர் பஸ்ஸுக்குக் காத்திருந்து பழக்கமில்லாதவர். கட்டிலில் கிடந்தபடி அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆன்லைனில் ஒரு எலக்ட்ரானிக் கிட் வாங்கினேன். பாயிண்ட் தட்டைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு காந்தமும் சென்சாரும், சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி. மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். பெட்டியைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, காதோரம் குலுக்கி, திருகு எங்கே என்று தேடினார். திருகே இல்லை. "தம்பி, நான் மாட்டித் தரேன். ஆனா இது நின்னுபோச்சுன்னா எங்கிட்டக் கொண்டாராதீங்க. தொறந்து பாக்க முடியாதத நான் எப்படிங்க ரிப்பேர் பண்றது?"

நான் அதைப் பழைய ஆளின் பயம் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இப்போதும் வெட்கப்படுகிறேன்.

கிட் மாட்டினதும் எஞ்சின் அப்படி ஒரு நிதானத்துக்கு வந்தது. ஐடிலில் சுவர்க்கடிகாரம் மாதிரி ஓடியது. மைலேஜ் கொஞ்சம் ஏறியது. ஆனால் அப்பா மூன்றாம் நாளே முனகினார், "முள்ளு செத்துப்போச்சுடா."

அது என்ன முள் என்று சொல்ல வேண்டும். பழைய புல்லட்டில் ஹெட்லைட்டுக்கு மேல் சின்னதாக ஒரு ஆம்ப்மீட்டர் இருக்கும். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயிண்ட் ஒட்டியிருக்கும்போது காயிலுக்கு மின்சாரம் போவதால் முள் இடப்பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வந்து நிற்கும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அப்போது டிகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் ஒரு துளி அழுத்தி, விட்டு, ஒரே உதை. ஒல்லியான மனிதர்களும் 350 சிசி எஞ்சினை உயிர்ப்பித்தது பலத்தால் அல்ல, முள்ளைப் பார்த்துத்தான். நான் வாங்கிய கிட் எஞ்சின் ஓடாதபோது காயிலுக்கு மின்சாரத்தைத் தானாகவே நிறுத்திவிடும். காயில் சூடாகாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் முள் அசையாது. முழங்கால் போன மனிதருக்கு இருந்த ஒரே வழிகாட்டியை நான் பிடுங்கிவிட்டேன். டீக்கடைப் பெரியவர் என்னை இதற்காகத் திட்டியிருந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பேன்.

இரண்டு வருஷம் ஓடியது. ஒரு நாள் மறையூருக்குப் போய்விட்டு நானும் அப்பாவும் திரும்பிக்கொண்டிருந்தோம். சின்னாறு தாண்டி, ஒன்பதாறு செக்போஸ்ட்டுக்கு இன்னும் தூரம் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணி. முன்னறிவிப்பே இல்லாமல் எஞ்சின் அணைந்தது. பாயிண்ட் வண்டி இப்படிச் சாகாது. இருமும், திணறும், வெடிக்கும், வீட்டுப் பக்கம் வரை இழுத்துக்கொண்டாவது வரும். நின்றாலும் உப்புத்தாளில் இரண்டு தேய் தேய்த்து, தீப்பெட்டி அட்டையை நடுவில் விட்டு இடைவெளி வைத்துக் கிளம்பிவிடலாம். நான் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பேட்டரி இருந்தது, பிளக் நன்றாக இருந்தது, ஒயர் எல்லாம் சரி. ரோட்டில் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து காய்கறி ஏற்றிவந்த பிக்கப்காரர் ஒருவர் வண்டியையும் எங்களையும் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்.

விற்றவர்களுக்கு எழுதினேன். வாரண்டி முடிந்துவிட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில். சர்க்யூட் படம் கிடைக்குமா என்று கேட்டதற்கு ஒரு கும்பிடு பொம்மை வந்தது. பெட்டியைச் சூடு காட்டி உடைத்தேன். உள்ளே முழுக்கக் கறுப்புப் பிசின். அதையும் சுரண்டினால், ஏழெட்டு ரெசிஸ்டர், இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு சின்ன ஐசி. ஐசியின் மேல் எழுதியிருந்த எண்ணை உப்புத்தாள் போட்டு அழித்திருந்தார்கள். யார் கண்ணிலும் படக் கூடாது என்று ஒரு மனிதன் உட்கார்ந்து தேய்த்திருக்கிறான். அந்தக் கணத்தில் எனக்கு வந்த ஆத்திரம் டீக்கடை ஆத்திரத்தைவிடப் பெரியது. பிசின் அதிர்வுக்கும் ஈரத்துக்கும் நல்லது என்பார்கள், உண்மைதான். எண்ணை அழித்தது எந்த ஈரத்துக்கு?

எங்கள் சண்டையே தப்பான இடத்தில் நடக்கிறது. பாயிண்டா எலக்ட்ரானிக்கா என்று டீக்கடையில் இரண்டு கட்சியாக நிற்கிறோம். ஒரு கட்சி பழசை யாரும் தொடாதே என்கிறது, இன்னொரு கட்சி புதுசை யாரும் தொட முடியாதபடி செய்து விற்கிறது. இரண்டுக்கும் நடுவில் மெக்கானிக்கின் கை சும்மா இருக்கிறது. மெக்கானிக் அண்ணன் எலக்ட்ரானிக்கை எதிர்க்கவே இல்லை. திருகு எங்கே என்றுதான் கேட்டார். 2022-ல் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு போட்டு, அந்த வருஷக் கடைசியில் ஒரு இணையதளமும் திறந்தது. கார், போன், விவசாயக் கருவி எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. ஆனால் இணையதளம் யார் பெட்டியின் பிசினையும் கரைக்காது. வாங்குகிறவன் கேட்க வேண்டும்: படம் எங்கே, திருகு எங்கே, உள்ளே இருக்கிற சாமானின் எண் என்ன? பழைய வண்டிக் கூட்டங்கள் சேர்ந்து இந்த மூன்றைக் கேட்டால் கிட் விற்கிறவர்கள் ஒரே மாதத்தில் வழிக்கு வருவார்கள். நாமோ மட்கார்டு கோட்டின் அகலம் பற்றி அக்கப்போர் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

கச்சேரி வீதிப் பக்கம் ஒரு டிவி மெக்கானிக் இருக்கிறார். டப்பா டிவி போனபிறகு மிக்சி, இன்வெர்ட்டர் என்று பிழைப்பு. உடைத்த பெட்டியை அவரிடம் கொண்டுபோனேன். பார்த்துச் சிரித்தார். "இதுக்கெதுக்குங்க சென்சாரு, காந்தம்? உங்க பாயிண்டையே வச்சுக்குங்க. அது சொமக்கற செமயத்தான் எறக்கி வைக்கோணும்." காகிதத்தில் வரைந்து காட்டினார். பாயிண்டுக்குள் கால் ஆம்பியர் மட்டும் போகும், பொட்டுகள் சுத்தமாக இருக்க அவ்வளவு போதும். அது ஒரு டிரான்சிஸ்டரை எழுப்பும். காயிலின் நாலு ஆம்பியரையும் திறந்து மூடுவது பழைய டிவியில் இருந்த லைன் அவுட்புட் வகை டிரான்சிஸ்டர். பாயிண்ட் இனிக் கருகாது, குழி விழாது. குதிகால் தேய்வதற்கு ஒரு சொட்டு கிரீஸ். கண்டன்சர் இருக்கிற இடத்திலேயே சும்மா இருக்கும். டிரான்சிஸ்டர் என்றைக்காவது போய்விட்டால் நடுரோட்டில் இரண்டு ஒயரை மாற்றிச் செருகினால் 1979-க்குத் திரும்பிவிடலாம். இது அவர் கண்டுபிடித்தது அல்ல. அறுபதுகளிலேயே உலகத்தில் பலரும் செய்து பார்த்த வழிதான். ரேடியோ ரிப்பேர் கற்ற காலத்தில் அவர் கேள்விப்பட்டது.

குறை இல்லாமல் இல்லை. சாவியைப் போட்டு மறந்துவிட்டால், பாயிண்ட் ஒட்டின நிலையில் இருந்தால், காயில் சூடாகும். அது பழைய வண்டியிலும் உண்டு. முதல் தடவை டைமிங் வைக்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் மெக்கானிக் அண்ணன்தான். கண்ணுக்குப் பதில் காதைப் பயன்படுத்தினார். டிவி மெக்கானிக்கின் மீட்டரை பாயிண்டில் மாட்டி, ஒட்டியிருந்தால் 'கீ' என்று கத்தும்படி வைத்தோம். எஞ்சினை மயிரிழையாகத் திருப்பத் திருப்ப, சத்தம் அறுகிற இடத்தில் கையை நிறுத்தினார். "சிகரெட் பேப்பரே வேண்டாம் போலிருக்குதே" என்று அந்த மீட்டரை விலைக்குக் கேட்டார். இருவருக்கும் தலைக்கு ஆயிரம் கொடுத்தேன். மெக்கானிக் அண்ணன் ஐந்நூறைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார், நான் வாங்கவில்லை. பிறகு அதைக் கடன் நோட்டில் என் பேரில் வரவு எழுதிக்கொண்டார்.

பெட்டிக்கு நாலு திருகு. மூடியின் உள்பக்கத்தில் சர்க்யூட் படத்தை பேனாவால் வரைந்து, சாமான்களின் எண்ணை எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டியிருக்கிறார் டிவி மெக்கானிக். திருமூர்த்தி மலை டீக்கடையில் அந்தத் தம்பி எட்டிப் பார்த்தது இந்தப் பெட்டியைத்தான். திருகைக் கழற்றி மூடியைக் காட்டியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

பெட்டி மாட்டின அன்று சாயங்காலம் அப்பா சாளைக்கு வந்தார். சாவியைப் போட்டார். கிக்கரில் காலை வைத்து மெல்ல அழுத்தினார். முள் இடப்பக்கம் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். நடுவுக்கு வந்தது. "ம்" என்றார். டிகம்ப்ரஸரைப் பிடித்து விட்டு, ஒரே உதை. அப்புறம் என்னைப் பார்க்காமலே, தோட்டத்தில் மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனார்.